எம்.எல்.எம். நிறுவனர்களின் பண மோசடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எல்.எம். எனப்படும் பல அடுக்கு விற்பனைத் திட்டங்களில் சேரலாமா என்று யோசிப்பவர்களும், சேர்ந்துவிட்டு முழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். இங்கே பேச்சு, தங்களுக்குக் கீழே ஆள் (டவுன்லைன்) பிடிக்க அலையும் ஏஜென்ட்டுகளைப் பற்றி அல்ல. கம்பெனியைத் தொடங்கி, கல்லாச் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களைப் பற்றி.

எம்.எல்.எம்.னாலே ஃபிராடுதானா?

இல்லை. ஆள் சேர்த்து விற்பது மட்டும் குற்றமாகாது. அமெரிக்காவில் 1975-ல் காஸ்காட் என்ற அழகுசாதனக் கம்பெனி வழக்கில் வகுத்த அளவுகோல் இன்றும் உதவும்: உறுப்பினர் பணம் கட்டுகிறார், பதிலுக்கு விற்கும் உரிமையும், ஆள் சேர்த்தால் சன்மானமும் பெறுகிறார், அந்தச் சன்மானத்துக்கும், பொருளைப் பயன்படுத்தும் கடைசி வாடிக்கையாளருக்கு நடந்த விற்பனைக்கும் தொடர்பே இல்லை என்றால் அது பிரமிட். சுருக்கமாகக் கேட்டால், இந்தத் திட்டத்தில் சேராத ஒருவர், கமிஷன் ஆசை எதுவும் இல்லாமல், இந்த விலைக்கு இந்தப் பொருளை வாங்குவாரா?

சட்டப்படி நடக்கும் கம்பெனி என்பதால் சேர்ந்தவர் சம்பாதிப்பார் என்று அர்த்தமில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 70 எம்.எல்.எம். கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024-ல் அறிக்கை தந்தது. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோதான் கிடைத்திருக்கிறது, அதுவும் செலவைக் கழிக்காமல். அதை மோசடி என்று சொல்ல முடியாது, மோசமான வியாபாரம் என்று சொல்லலாம். நிறுவனர் மோசடி வேறு விஷயம்: பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதில் சொல்லும் பொய்.

பிரமிட், பொன்சி, எம்.எல்.எம்... மூணும் ஒண்ணா, வேற வேறயா?

பிரமிடில் ஆள் சேர்த்தால்தான் காசு. அது சேர்பவருக்கும் தெரியும். பொன்சியில் பணத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். எங்கோ நடக்கும் ஒரு தொழிலில் லாபம் வருவதாக நிறுவனர் சொல்வார். 1920-ல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி, சர்வதேச அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றி லாபம் பார்ப்பதாகச் சொல்லி, 45 நாளில் 50% தருவதாக வசூலித்தார். கூப்பன் வியாபாரம் பெயருக்குத்தான். புதிதாக வந்தவர் பணம் பழையவருக்குப் போனது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிதாக வெடித்தவற்றில் பலவும் கலப்படம்: உள்ளே பொன்சி, பரப்புவதற்கு எம்.எல்.எம். கமிஷன். இணைய அழைப்பு விற்பதாகச் சொன்ன டெலெக்ஸ்ஃப்ரீ, இணைய ஏலம் நடத்திய ஸீக் ரிவார்ட்ஸ், கிரிப்டோ நாணயம் காட்டிய ஒன்காயின், பிட்கனெக்ட் எல்லாமே இந்த ரகம். பல நாட்டுச் சட்டங்கள் இதைப் பெயர் சொல்லியே தடுக்கின்றன. இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ம் ஆண்டுச் சட்டமும் 2021-ன் நேரடி விற்பனை விதிகளும் உண்டு. இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு. மலேசியாவில் 1993-ம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிட் தடுப்புச் சட்டம்.

பொருள்தான் குடுக்கிறாங்களே, அப்புறம் எப்படி பிரமிட் ஆகும்?

பொருள் இருப்பது போதாது. அந்தப் பொருள் விற்ற காசில்தான் உங்களுக்குப் பேஅவுட் வருகிறதா என்பதே கேள்வி. டெலெக்ஸ்ஃப்ரீயை எடுத்துக்கொள்வோம். இணையம் வழியாக வெளிநாட்டு அழைப்பு பேசும் சேவையை விற்பதாகச் சொன்ன கம்பெனி, மாதச் சந்தா சுமார் 50 டாலர். உறுப்பினர் 1,425 டாலர் கட்ட வேண்டும். தினமும் சில இலவச விளம்பரத் தளங்களில் கம்பெனி தரும் வாசகத்தை அப்படியே ஒட்ட வேண்டும். வாரம் 100 டாலர் வரும். ஆண்டு முடிவில் கைக்கு 5,200 டாலர்.

இப்போது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கட்டியதைவிட 3,775 டாலர் அதிகம் தர வேண்டும். அது நேர்மையாக வர வேண்டுமானால், ஒவ்வோர் உறுப்பினருக்கும் 75-க்கு மேல் மாதச் சந்தாக்கள் வெளியாட்களுக்கு விற்றிருக்க வேண்டும், அதுவும் சேவைக்குக் கம்பெனிக்குச் செலவே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால். நடந்தது என்ன? 2012 ஆகஸ்ட் முதல் 2014 மார்ச் வரை சேவை விற்ற வருமானம் சுமார் 13 லட்சம் டாலர். உறுப்பினர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது 110 கோடி டாலருக்கு மேல். இவை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நீதிமன்றத்தில் வைத்த எண்கள். பொருள் ஒரு சாட்சிக்காக மேசைமேல் வைத்த பொம்மை.

எங்க காசு மேல இருக்கிற லீடருங்களுக்குத்தானே போகுது? ஓனர் எப்படி அடிக்கிறார்?

சேர்பவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. முதல் வழி, மரத்தின் உச்சி. பைனரி திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கீழே இடம், வலம் என்று இரண்டே இடங்கள் (லெக்); முதல் நான்கு அடுக்கில் 1+2+4+8, ஆக 15 இடங்கள். அந்தப் பதினைந்து ஐடியும் மனைவி, மைத்துனர், டிரைவர், பெயர்ப்பலகைக் கம்பெனிகள் என்று நிறுவனரின் ஆட்களிடம் இருக்கும். பைனரியில் கமிஷன் இத்தனை அடுக்கோடு நிற்கும் என்ற எல்லை பொதுவாக இருப்பதில்லை. இடது லெக், வலது லெக் வியாபாரம் ஜோடி சேர்ந்தால் போதும். எனவே உலகின் எந்த மூலையில் யார் சேர்ந்தாலும் இந்த 15 ஐடிக்கும் ஒரு துளி சொட்டும். கணக்கில் இது ‘உறுப்பினர்களுக்குக் கொடுத்த கமிஷன்’ என்றே பதிவாகும், கம்பெனி லாபமாக அல்ல. ஒன்காயினின் இணை நிறுவனர் கார்ல் செபாஸ்டியன் கிரீன்வுட் இதைச் சுற்றி வளைக்காமலே செய்தார்: உலகெங்கும் நடந்த மாத விற்பனையில் 5% அவருக்கு.

இரண்டாவது வழி, பொருள் வாங்கும் பில். சேர்க்கைத் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 கமிஷனுக்கு, 15 நிர்வாகத்துக்கு, 40 பொருள் வாங்க. அந்தப் பொருளின் அடக்க விலை உண்மையில் 12. நடுவில் நிறுவனரின் இன்னொரு கம்பெனி 12-க்கு வாங்கி 40-க்கு பில் போடுகிறது. எம்.எல்.எம். கம்பெனியின் வரவு செலவுக் கணக்கு சுத்தமாக இருக்கும், லாபமே இல்லாததுபோலத் தெரியும். வித்தியாசமான அந்த 28, பக்கத்து வீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும். சாஃப்ட்வேர் கட்டணம், பிராண்ட் பெயர் வாடகை, மாநாடு நடத்தும் நிறுவனத்துக்கான ஒப்பந்தம் எல்லாம் இதே உருட்டுதான். நாளை கம்பெனி திவாலானாலும் பக்கத்து வீட்டுக் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, சாஃப்ட்வேர். ஐடி உருவாக்கும் அட்மின் உரிமை நிறுவனரிடம் இருக்கிறது. பணம் கட்டாமலே ஐடி போடலாம், தேதியை முன்னே பின்னே மாற்றலாம். மற்ற நெட்வொர்க்கிலிருந்து பெரிய லீடரை இழுக்க இப்படி இலவச ஐடிகளும், ஏற்கெனவே வியாபாரம் நிரப்பிய ‘பவர் லெக்’கும் கொடுப்பார்கள். அந்த லீடர் மேடையேறிக் காட்டும் வருமானச் சீட்டு உண்மையான உழைப்பின் கணக்கல்ல. கேப்பிங் என்ற தினசரி உச்சவரம்பையும் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பத்து ஜோடி மட்டும் என்றால், பதினொன்றாவது ஜோடியின் கமிஷன் ‘ஃப்ளஷ்’ ஆகிவிடும். அது எங்கே போகிறது என்று எந்த பிளான் காகிதத்திலும் எழுதியிருக்காது. கம்பெனியிடமேதான் நிற்கிறது.

வாலட்ல ரெண்டு லட்சம் காட்டுது. அது என் காசு இல்லையா?

அது நிறுவனர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த கடன் சீட்டு, அவ்வளவுதான். திரையில் ஒரு எண்ணை ஏற்ற அவருக்கு ஒரு பைசா செலவில்லை. வங்கியில் அதற்கு ஈடான பணம் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஸீக் ரிவார்ட்ஸ் 2012 ஆகஸ்டில் மூடப்பட்டபோது உறுப்பினர்களின் கணக்குகளில் இருந்த புள்ளிகள் ஏறத்தாழ 300 கோடி, ஒரு புள்ளி ஒரு டாலர் என்ற கணக்கில். தினசரி லாபப் பங்கு சராசரியாக 1.5% என்று காட்டி வந்தார்கள். அந்தப் பங்கை எல்லோரும் ரொக்கமாகக் கேட்டிருந்தால் ஒரு நாளைக்கு 4.5 கோடி டாலர் தேவை. கையில் இருந்ததோ சுமார் 22.5 கோடி டாலர், அதாவது ஐந்து நாள் தாங்கும்.

அதனால்தான் எடுக்காமல் ‘ரீ-இன்வெஸ்ட்’ செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், பேக்கேஜ் மேம்படுத்தினால் போனஸ் என்கிறார்கள். நீங்கள் மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் கடன் சீட்டு பெரிதாகிறது, கல்லாவிலிருந்து எதுவும் வெளியேறவில்லை. சொந்த நாணயம் வைத்திருப்பவர்களிடம் இது இன்னும் சுலபம். ஒன்காயினின் விலை 0.50 யூரோவிலிருந்து சுமார் 29.95 யூரோ வரை ஏறியது, ஒருநாளும் இறங்கவில்லை. சந்தை இல்லை, வாங்குவோர் விற்போர் இல்லை. விலையை அவர்களே தீர்மானித்தார்கள். அந்த நாணயத்துக்கு உண்மையான பிளாக்செயினே (யாரும் சரிபார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு) இல்லை என்று அமெரிக்க அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது.

எனக்கு மாசாமாசம் கரெக்டா வந்துச்சே. ஏமாத்துறவன் எதுக்குக் குடுக்கணும்?

கொடுப்பதுதான் விளம்பரம். ஒருவருக்குக் கொடுத்த 1,000, அவர் வாயால் பத்துப் பேரிடமிருந்து 10,000 கொண்டுவரும். தொலைக்காட்சி விளம்பரத்தைவிட மலிவு, நம்பகத்தன்மையும் அதிகம், ஏனென்றால் சொல்கிறவர் உங்கள் சித்தப்பா.

ஸீக்கின் நிறுவனர் பால் பர்க்ஸ், ஏல இணையதளத்தின் அன்றாட லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். உண்மையில் அந்தத் தினசரி சதவீதத்தை அவர் இட்டுக்கட்டினார். கம்பெனியின் வருமானத்தில் சுமார் 98% புதிய உறுப்பினர்களின் பணம். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கணக்கு போதும்: தினம் 1.5% எடுக்காமல் விட்டால் ஓராண்டில் சுமார் 229 மடங்கு. 100 டாலர் 22,900 ஆகும். இப்படி ஒரு தொழில் கையில் இருக்கிறவர் உங்கள் 100 டாலருக்கு எதற்காகக் காத்திருக்கிறார்?

கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கு, வரி கட்டுறாங்க, பெரிய பெரிய மேடையெல்லாம் போடுறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

பதிவுச் சான்றிதழ் என்பது கம்பெனிக்குப் பெயர் வைத்ததற்கான சீட்டு. வரி எண் என்பது வரி கட்டக் கொடுத்த எண். இரண்டுமே பொதுமக்களிடம் முதலீடு வசூலிக்கும் அனுமதி அல்ல. அந்த அனுமதியை அந்தந்த நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்போ மத்திய வங்கியோ தனியாகத் தர வேண்டும். அவர்களின் இணையதளத்தில் பெயர் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எச்சரிக்கைப் பட்டியலையும் அங்கேயே பாருங்கள்.

மேடையும் புகழும் வாங்கக்கூடியவை. டெலெக்ஸ்ஃப்ரீ 2014-ல் பிரேசிலின் பொட்டாஃபோகோ கால்பந்துக் கழகத்தின் விளம்பரதாரர். அதற்கு முன்பே, 2013 ஜூனில், பிரேசிலின் ஆக்ரே மாநில நீதிமன்றம் அதன் சேர்க்கையையும் பேஅவுட்டையும் முடக்கியிருந்தது. கடை மற்ற நாடுகளில் ஓடியது. ஒன்காயினின் நிறுவனர் ருஜா இக்னாடோவா சட்டத்தில் முனைவர், மெக்கின்ஸியில் வேலை பார்த்தவர், 2016 ஜூனில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நட்சத்திரம்போல் மேடையேறியவர். ஃபோர்ப்ஸ் அட்டையில் அவர் படம் என்று காட்டியது, பல்கேரியப் பதிப்பில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரப் பக்கம். எனவே கேட்க வேண்டியது ‘எங்கே பதிவு?’ என்பதல்ல, ‘எந்த நாட்டில் தடை?’ என்பது.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ல ஓடுது, நடுவுல ஆளே இல்ல. அதுலயும் நிறுவனர் கை வைக்க முடியுமா?

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது பணத்தைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் நிரல். அதை எழுதியவர் ஒரு ஆள்தானே. 2020 ஜனவரியில் தொடங்கிய ஃபோர்சேஜ் இதே பெருமையைச் சொல்லித்தான் பரவியது. அதன் எக்ஸ்கோல்ட் என்ற ஒப்பந்தத்தில் பணம் நிறுவனர்களின் கணக்குக்குக் கசியும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததாக 2023-ல் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. அதே குற்றப்பத்திரிகைப்படி, போட்ட ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தைவிடக் குறைவாகத் திரும்பப் பெற்றவர்கள் 80%-க்கு மேல். ஒரு பேஅவுட்கூட வராதவர்கள் பாதிக்கு மேல்.

அந்த 80% என்ற எண் ஆச்சரியம் தரக் கூடாது. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கும் மரத்தில் கடைசி அடுக்கில் மட்டுமே மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆட்கள் நிற்பார்கள். நிரல் நேர்மையாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றாது.

சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டுப் பார்க்கணும்?

உங்களைச் சேர்க்கும் அப்லைனிடம் அல்ல, கம்பெனியிடம், எழுத்தில் கேளுங்கள். மொத்த விற்பனையில் உறுப்பினர் அல்லாதவர்கள் வாங்கியது எத்தனை சதவீதம்? பொருளைத் தயாரித்துக் கொடுப்பது யார், அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் யார்? கம்பெனிப் பதிவாளர் ஆவணத்தில் இரண்டு பக்கத்திலும் ஒரே பெயரோ, ஒரே முகவரியோ, ஒரே குடும்பமோ தெரிந்தால் 12-க்கு வாங்கி 40-க்கு விற்கும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை அறிக்கையில் ‘தொடர்புடையோர் பரிவர்த்தனை’ என்ற குறிப்பு இருக்கும். பலர் லாப நஷ்டப் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள், விஷயம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதும் முக்கியம். கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்கு அல்லாமல் தனிநபர் கணக்கு, மாதாமாதம் மாறும் கணக்கு, லீடரிடம் ரொக்கம் கொடுத்து இ-பின் (சேர்க்கைக்கான எண்) வாங்குவது, கிரிப்டோ மட்டும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ரொக்கத்துக்கு வாங்கிய இ-பின்னுக்கான பணம் கம்பெனிக் கணக்கில் ஏறியதா என்று பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது. விற்காத சரக்கைத் திரும்பத் தந்தால் எத்தனை சதவீதம், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று கேளுங்கள். 1979-ல் ஆம்வே என்ற எம்.எல்.எம். கம்பெனி பிரமிட் அல்ல என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் முடிவெடுத்ததற்கு இந்தத் திரும்ப வாங்கும் விதியும், வெளி வாடிக்கையாளருக்கு விற்றதைக் காட்டும் விதியும் காரணங்களில் அடக்கம். விதி காகிதத்தில் இருந்தால் போதாது, ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிப் பார்த்தவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள்.

பணம் எடுக்க முடியல. ‘சிஸ்டம் அப்டேட்’ங்கிறாங்க. எத்தனை நாள் பொறுக்கலாம்?

பொறுக்க வேண்டாம். முடிவு கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வரும்: முதலில் எடுக்கும் தொகைக்கு வரம்பு, பிறகு பராமரிப்பு, பிறகு புதிய சரிபார்ப்பு அல்லது கட்டணம், கடைசியில் வேறு கம்பெனிக்கோ வேறு நாணயத்துக்கோ மாற்றம். ஒன்காயினின் உள் சந்தை 2016 மார்ச்சில் பராமரிப்பு என்று இரண்டு வாரம் நின்றது. 2017 ஜனவரியில் அறிவிப்பே இல்லாமல் மூடியது. பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் கடன் திட்டத்தை நிறுத்தியபோது உறுப்பினர்களின் டாலர் பாக்கியைத் தன் சொந்த நாணயமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. நாணயம் உடனே சரிந்தது. ஏர்பிட் கிளப் என்ற கிரிப்டோ திட்டத்தில் பணம் கேட்டவர்களிடம் தொகையில் பாதிக்கு மேல் மறைமுகக் கட்டணம் பிடித்தார்கள். ஒருவரிடம் ‘புது ரத்தம் கொண்டு வா’ என்றே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் பணத்தை எடுக்க நீங்களே மேலும் பணம் கட்ட வேண்டும் என்றால், வரி, சரிபார்ப்பு, திறப்புக் கட்டணம் எந்தப் பெயரானாலும், கட்டாதீர்கள். கட்டணத்தைப் பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் பாக்கியே இல்லை என்று பொருள். புதிய கம்பெனிக்கு ஐடியை மாற்ற ஒப்புக்கொள்ளும் பட்டனையும் அழுத்தாதீர்கள். பழைய கடன் தீர்ந்தது என்ற வாசகம் அந்த நிபந்தனைகளில் ஒளிந்திருக்கும்.

புகார் குடுக்கப் போனா என்ன கொண்டு போகணும்?

இணையதளம் மூடுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் ஐடி, சேர்ந்த தேதி, ஸ்பான்சர் ஐடி தெரியும் பக்கம்; வாலட் அறிக்கை முழுவதும்; பேஅவுட் கேட்டு நிராகரித்த பதிவு; பிளான் விளக்கக் கோப்பு, பழைய பதிப்போடு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது இணைய முகவரியும் தேதியும் தெரியட்டும். வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் உரையாடலைக் குரல் பதிவுகளோடு ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். கோபத்தில் குழுவை விட்டுப் போகிறவர்கள்தான் அதிக ஆதாரத்தை இழக்கிறார்கள். வங்கி அறிக்கையில் பரிமாற்ற எண், பெற்றவர் பெயர் முக்கியம். கிரிப்டோ என்றால் ஒவ்வொரு பரிமாற்றத்தின் ஹாஷ் (அடையாளக் குறியீடு).

எல்லாவற்றையும் ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள்: தேதிவாரியாக நான் கட்டியது, எனக்கு வந்தது. வாலட் எண்ணை இழப்பாக எழுதாதீர்கள். முன்பே பார்த்தபடி அது கடன் சீட்டு. விசாரணையும் நீதிமன்றமும் பெரும்பாலும் கட்டியதிலிருந்து வந்ததைக் கழித்த நிகரத்தையே பார்க்கும். கார்டில் கட்டியிருந்தால் அன்றே வங்கியிடம் பிணக்கு எழுப்புங்கள், அதற்குக் கெடு உண்டு. பிறகு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, முதலீட்டு ஒழுங்குமுறை அமைப்பு இரண்டுக்கும் தனித்தனியாக.

நீங்க எல்லாம் கேஸ் போடாம இருந்திருந்தா எல்லாருக்கும் காசு வந்திருக்குமே?

வந்திருக்காது, ஆனால் இதை நம்புகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மேடையில் இருந்து திரும்பத் திரும்ப ஓதப்படும் பாடம் இது. ஸீக் மூடுவதற்கு முந்தைய ஜூலையில் உள்ளே வந்தது சுமார் 16.2 கோடி டாலர், வெளியே போனது 16 கோடி. அடுத்த மாதம் சேர்க்கை ஒரு துளி குறைந்திருந்தாலும் தலைகீழ். அந்த நேரத்தில் நிறுத்தியதால்தான் வங்கிகளில் மிச்சம் இருந்த 22.5 கோடியை முடக்க முடிந்தது. இன்னும் சில மாதம் ஓடவிட்டிருந்தால் அதுவும் முன்வரிசைக்காரர்களின் கைக்குப் போயிருக்கும்.

தெரிஞ்சே பண்றாங்களா, இல்ல பிசினஸ் நஷ்டமாகிக் கவிழ்ந்துடுதா?

இரண்டும் நடக்கும். பிரித்துப் பார்க்க ஒரு தேதி போதும்: கொடுக்க முடியாது என்று நிறுவனருக்கு எப்போது தெரிந்தது, அதற்குப் பிறகும் புதிய ஆள் சேர்த்தாரா? நஷ்டப்பட்ட நேர்மையான வியாபாரி முதலில் சேர்க்கையை நிறுத்துவார். மோசடிக்காரர் அந்த வாரம்தான் ‘கடைசி வாய்ப்பு’ சலுகை அறிவிப்பார். மற்றவர்களுக்கு வரம்பு போட்ட வாரத்தில் தன் பணத்தை வெளியே எடுத்தாரா என்பதும் முக்கியமான ஆதாரம்.

சில நேரம் எழுத்திலேயே கிடைத்துவிடும். ஒன்காயின் தொடங்கிய 2014-லேயே இக்னாடோவா கிரீன்வுட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் வெளியேறும் வழிகளைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று, பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி, பழியை வேறு யார்மேலாவது போடுவது. டெலெக்ஸ்ஃப்ரீ 2014 ஏப்ரலில் திவால் மனு கொடுத்த கையோடு நடந்த சோதனையில், நிதிப் பொறுப்பாளர் ஒரு மடிக்கணினியோடும் பையோடும் கிளம்பப் பார்த்தார். பையில் சுமார் 3.8 கோடி டாலருக்கு வங்கிக் காசோலைகள். நஷ்டத்தில் கவிழ்ந்த கம்பெனியின் பை அப்படி இருக்காது.

நானும் முப்பது பேரைச் சேர்த்துவிட்டிருக்கேன். என்னையும் பிடிப்பாங்களா?

நாட்டுக்கு நாடு மாறும். ஏமாந்து சேர்த்தவரைவிட, பொய் என்று தெரிந்தும் சேர்த்தவரைத்தான் தேடுவார்கள். பெரிய அளவில் பரப்பியவர்கள் சிக்குவதுண்டு: பிட்கனெக்டின் அமெரிக்கத் தலைமை விற்பனையாளர் கிளென் அர்காரோ 2022-ல் 38 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். உங்களுக்குச் சந்தேகம் வந்த நாள் முக்கியமானது. அன்றிலிருந்து ஒரு ஆளையும் சேர்க்காதீர்கள், பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். அழிப்பது தனிக் குற்றமாகிவிடலாம். சேர்த்துவிட்ட முப்பது பேருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்களோடு சேர்ந்தே புகார் கொடுங்கள். வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நான் லாபத்தோட வெளிய வந்துட்டேன். அதைத் திருப்பிக் கட்டணுமா?

கட்ட நேரலாம். நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர், போட்டதைவிட அதிகம் எடுத்தவர்களை ‘நிகர லாபம் பெற்றவர்’ என்று வகைப்படுத்தி, அந்த உபரியைக் கேட்டு வழக்குப் போடலாம். ஸீக் வழக்கில் 1,000 டாலருக்கு மேல் நிகர லாபம் எடுத்த ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மீது ஒரே தொகுப்பு வழக்காகப் போட்டு வென்றார்கள். நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்ற வாதம் போட்ட முதலைக் காப்பாற்றும், உபரியைக் காப்பாற்றுவது கடினம். அது பக்கத்து வரிசையில் ஏமாந்தவரின் முதல்.

ஓனரைப் பிடிச்சுட்டா காசு வந்துடுமா?

ஆள் வேறு, காசு வேறு. ஸீக்கின் பர்க்ஸுக்கு 14 ஆண்டு 8 மாதம், ஒன்காயினின் கிரீன்வுட்டுக்கு 20 ஆண்டு சிறையும் சுமார் 30 கோடி டாலர் பறிமுதல் உத்தரவும். ஒன்காயினில் இழந்தது 400 கோடி டாலருக்கு மேல். அதில் சுமார் 40 கோடியை மார்க் ஸ்காட் என்ற வக்கீல் போலி முதலீட்டு நிதிகள் வழியாகச் சலவை செய்தார். 2024 ஜனவரியில் அவருக்கு 10 ஆண்டு. இக்னாடோவா 2017 அக்டோபர் 25-ல் சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறியதோடு காணாமல் போனார். அவரைப் பற்றிய துப்புக்கு 50 லட்சம் டாலர் சன்மானம் அறிவிக்கப்பட்டுள்ளது. பிட்கனெக்ட் வசூல் சுமார் 240 கோடி. அர்காரோவிடம் கைப்பற்றியது 5.6 கோடி, 2023 ஜனவரியில் 40 நாடுகளைச் சேர்ந்த சுமார் 800 பேருக்குத் தர உத்தரவானது 1.7 கோடி.

டெலெக்ஸ்ஃப்ரீயில் ஒரு நிறுவனர் ஜேம்ஸ் மெரில் 6 ஆண்டு சிறை சென்றார், இன்னொருவர் கார்லோஸ் வான்ஸெலர் பிரேசிலுக்குத் தப்பினார். 2017 ஜனவரியில் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் மெத்தைக்கு அடியிலிருந்த பெட்டிக் கட்டிலுக்குள் சுமார் 2 கோடி டாலர் ரொக்கம் அடுக்கி வைத்திருந்ததை எடுத்தார்கள். இப்படிக் கிடைப்பதெல்லாம் ஒரு பொது நிதியில் சேர்ந்து, உரிமை கோரியவர்களுக்கு விகிதப்படி பிரியும். உரிமை கோரும் படிவத்துக்குக் கடைசித் தேதி உண்டு. புகார் பற்றிய பதிலில் சொன்ன இரண்டு பத்தித் தாள் அங்கேதான் வேலைக்கு வரும்.

‘உங்க பணத்தை மீட்டுத் தர்றோம்’னு வக்கீல் ஆபீஸ்னு சொல்லி போன் வருது. எவ்வளவு இழந்தேன்னுகூட சரியா சொல்றாங்க. நம்பலாமா?

சரியாகச் சொல்வதால்தான் நம்பக் கூடாது. உறுப்பினர் பட்டியல் விற்கப்படும் சரக்கு: பெயர், எண், கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்கும், சில நேரம் விற்பதே பழைய கம்பெனி ஆட்கள். அரசு அமைப்போ ரிசீவரோ இழப்பீடு தர முன்பணம் கேட்பதில்லை. அழைத்தவரின் எண்ணுக்குத் திரும்பப் பேசாமல், வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். வழக்கு எண் தர மறுத்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.